முதற்பதிப்பு என்னும் சான்று: நெல்லைச் சீமையின் ஆங்கில நூல்களும் அவற்றைச் சேகரிக்கும் முறையும்

ஒரு நூல் முதன்முதலில் அச்சேறி வெளிவந்தபோது எந்த வடிவில் இருந்ததோ, அந்த வடிவிலேயே அதைத் தேடிப்பிடித்துச் சேர்த்துவைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கில இலக்கிய உலகில் தனியொரு துறையாக வளர்ந்துவந்துள்ளது. இத்துறையில் ஒரு நூலின் மதிப்பை வணிகர்கள் பெரும்பாலும் மூன்றைக் கொண்டு முடிவுசெய்கிறார்கள்: எத்தனை படிகள் எஞ்சியுள்ளன, கையிலிருக்கும் படி எந்த நிலையில் உள்ளது, ஆசிரியரின் கையெழுத்து அதில் உண்டா என்பவையே அவை. இரவீந்திரநாத் தாகூரின் ஆங்கில ‘கீதாஞ்சலி’யை 1912-இல் லண்டன் இந்தியா சொசைட்டி 750 படிகள் அச்சிட்டு, அவற்றுள் 250 படிகளை மட்டுமே விற்பனைக்கு விட்டதால், மறு ஆண்டில் மாக்மில்லன் நிறுவனம் வெளியிட்ட பதிப்பைக் காட்டிலும் அதற்கு ஏலக்கூடங்களில் மவுசு அதிகம். ஆர்.கே. நாராயணின் முதல் நாவலான ‘ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ 1935-இல் லண்டனில் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது. அந்தப் பதிப்பு அச்சிட்ட காகித மேலுறையோடு கிடைத்தால் ஒரு விலை, உறையின்றிக் கிடைத்தால் வேறொரு விலை என்பது சேகரிப்பாளர்கள் நன்கறிந்த கணக்கு.

இந்த அளவுகோல்களைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலும் அதன் கடலோரத்திலும் பிறந்த ஆங்கில நூல்களின்மீது அப்படியே பொருத்திப் பார்த்தால் பாதி உண்மையே தெரியவரும். திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகர பாண்டியனின் பெயரைத் தாங்கி, முத்தாரம்மன் கோயில் தசராவாலும் 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்தாலும் இன்று பலரும் அறிந்த ஊராக விளங்கும் குலசேகரன்பட்டினத்தை நடுவாக வைத்துக் கொண்டால், ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவுக்குள் கால்டுவெல்லின் இடையன்குடியும், ஜி.யூ. போப் பணியாற்றிய சாயர்புரமும், அ. மாதவையா பிறந்த பெருங்குளமும், அவருடைய ஆங்கில நாவலின் களமான பாளையங்கோட்டையும், பாரதியின் எட்டயபுரமும் அமைந்துவிடுகின்றன. இந்த வட்டாரத்தின் ஆங்கில நூல்களில் முதற்பதிப்புக்குரிய முதன்மை, அதன் அருமையால் மட்டும் வருவதன்று. பின்வந்த பதிப்புகளில் நீக்கப்பட்டவையும் மாற்றப்பட்டவையும் மறைக்கப்பட்டவையும் எவையென்று காட்டும் சான்றாக அது நிற்பதாலேயே வருகிறது. ஆகவே இங்கே சேகரிப்பு என்பது முதற்பதிப்போடு நின்றுவிடாமல், ஒரு நூலின் எல்லாப் பதிப்புகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பணியாக விரிய வேண்டியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பதிப்பு, அச்சு, படி

ஒப்பீட்டுக்கு முன் சில சொற்களின் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை கோத்த அச்செழுத்திலிருந்து, பெரிய மாற்றமின்றி, எத்தனை தடவை அடித்தாலும் அவையெல்லாம் சேர்ந்து ஒரு பதிப்பு எனப்படும். ஒரே தடவையில் இயந்திரத்திலிருந்து இறங்கிய படிகளின் தொகுதி ஓர் அச்சு எனப்படும். சேகரிப்பாளர் ‘முதற்பதிப்பு’ என்று சுருக்கமாகச் சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது முதற்பதிப்பின் முதல் அச்சே. அதற்குள்ளும் வேறுபாடுகள் உண்டு: அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிழை கண்ணில் பட்டுத் திருத்தப்பட்டால், திருத்தத்துக்கு முன் அடித்த தாள்களும் பின் அடித்த தாள்களும் கலந்தே கட்டடம் செய்யப்படுவதால், ஒரே அச்சைச் சேர்ந்த இரண்டு படிகள்கூட எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டுமென்பதில்லை.

இன்றைய நூல்களில் பதிப்புரிமைப் பக்கத்திலுள்ள எண் வரிசையைக் கொண்டு அச்சை அறியலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் அந்த வசதி இல்லை. தலைப்புப் பக்கத்து ஆண்டு, அச்சகத்தின் பெயர், பிழைதிருத்தப் பட்டியல், நூலின் கடைசியில் சேர்த்துத் தைத்த பதிப்பாளர் விளம்பரப் பட்டியலின் தேதி, துணி அட்டையின் நிறம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர முடியும். இந்தியாவில் அச்சான நூல்களுக்கு இவற்றோடு இன்னொரு துணையும் உண்டு. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி, பிரிட்டிஷ் இந்தியாவில் வெளியான ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, மொழி, ஆசிரியர், அச்சிட்ட இடம், அச்சகத்தார், வெளியான நாள், பக்கங்கள், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை படிகள், விலை, உரிமையாளர் ஆகிய விவரங்கள் அரசின் பட்டியலில் பதிவாக வேண்டும். அரசியல் கண்காணிப்புக்கும் பயன்பட்ட அந்தப் பட்டியல்கள், காலனிய அரசு எண்ணிப் பாராத வகையில், இன்று நூல் வரலாற்றாய்வாளரின் முதல் ஆதாரமாகிவிட்டன. எத்தனை படிகள் அச்சாயின என்ற கேள்விக்கு லண்டன் நூல்களில் பதிப்பகத்தின் கணக்கேடுகளை நாட வேண்டியிருக்கையில், சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் அச்சான நூல்களுக்கு அரசு அட்டவணையே விடை சொல்லிவிடக்கூடும்.

ஒப்பிலக்கணத்தின் மூன்று முகங்கள்

இராபர்ட் கால்டுவெல் 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் இடையன்குடியைத் தம் பணிக்களமாக்கிக்கொண்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தவர். ‘திராவிட அல்லது தென்னிந்தியக் குடும்ப மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்னும் அவருடைய பெருநூல், அவர் விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில், 1856-இல் லண்டன் ஹாரிசன் வெளியீடாக வந்தது. அவரே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பை 1875-இல் ட்ரூப்னர் நிறுவனம் வெளியிட்டது. 1891-இல் அவர் மறைந்தபின், ஜே.எல். வையட், தி. இராமகிருஷ்ண பிள்ளை ஆகிய இருவரும் சீரமைத்த மூன்றாம் பதிப்பு 1913-இல் லண்டனில் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1956-இல் மறுஅச்சாக்கித் தமிழகத்து நூலகங்களிலும் வகுப்பறைகளிலும் பரவச் செய்தது இந்த மூன்றாம் பதிப்பையே.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் பதிப்பின் பின்னிணைப்பில் பறையர் திராவிடரா, நீலகிரித் தோடர் திராவிடரா என்ற வினாக்களையும், திராவிடரின் உடலமைப்பையும், பண்டைச் சமயத்தையும் பற்றிக் கால்டுவெல் எழுதியிருந்த பகுதிகள், அவர் காலத்துக்குப்பின் வந்த மூன்றாம் பதிப்பில் விடப்பட்டன. மொழியியலுக்கு நேரடித் தொடர்பற்றவை என்று பதிப்பாசிரியர்கள் கருதியிருக்க இடமுண்டு. ஆனால் பறையர் இம்மண்ணின் பிறமக்களோடு ஒரே இனத்தவர் என்னும் கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஒருவர் வாதிட்டு நிறுவ முயன்றார் என்பது, தென்னிந்தியச் சமூகச் சிந்தனையின் வரலாற்றில் ஒதுக்கித் தள்ளக்கூடிய செய்தியன்று. மூன்றாம் பதிப்பை மட்டுமே கையில் வைத்திருந்த இரண்டு மூன்று தலைமுறை வாசகர்களுக்கு அப்பகுதிகள் இருந்த செய்தியே எளிதில் எட்டவில்லை. 2008-இல் கவிதாசரண் பதிப்பகம் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாக மறுஅச்சு செய்தபோது, விடுபட்டவை எவை, ஏன் விடுபட்டன என்னும் விவாதம் தமிழ் அறிவுலகில் வலுப்பெற்றது.

இந்த நூலைப் பொறுத்தவரை, முதற்பதிப்பே தலையாயது என்ற சந்தை விதி முழுதும் பொருந்துவதில்லை. 1856-ஆம் ஆண்டுப் படி கால்டுவெல்லின் கருத்து முதலில் எந்த உருவில் வெளிப்பட்டது என்பதைக் காட்டுகிறது. ஆசிரியரின் இறுதி விருப்பத்தைத் தாங்கி நிற்பது 1875-ஆம் ஆண்டுப் படி. 1913-ஆம் ஆண்டுப் படியோ, ஒரு நூல் அதன் ஆசிரியர் இல்லாத காலத்தில் எப்படிக் கத்தரிக்கப்படுகிறது என்பதற்கு ஆவணமாகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. விலைப்பட்டியலில் கடைசி இடத்தில் வரும் 1913-ஆம் ஆண்டுப் படியும் ஆய்வுச் சேகரிப்பில் மற்ற இரண்டுக்கும் இணையான இடத்தைப் பெறுவது இதனால்தான்.

விலக்கிக்கொள்ளப்பட்ட ஒரு சிறுநூல்

கால்டுவெல்லின் இன்னொரு நூல் இதைவிட நெருடலான வினாவை எழுப்புகிறது. இன்று நாடார் எனப்படும் சமூகத்தைப் பற்றி 1849-இல் சென்னையில் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல், மேலைநாட்டு வாசகரிடம் மறைப்பணிக்கு ஆதரவு தேடும் நோக்கோடு எழுதப்பட்டது. அச்சமூகத்தின் அறிவையும் பண்பாட்டையும் தாழ்த்திப் பேசும் அதன் பகுதிகள், அதே சமூகத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற தலைமுறை தலையெடுத்தபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. எதிர்ப்பு வலுத்தபின் கால்டுவெல் அந்நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

விலக்கப்பட்ட நூல் அரிதாகிறது; அரிதானது விலையேறுகிறது. ஒரு சமூகத்தைப் புண்படுத்திய நூல், அதனாலேயே சேகரிப்பாளரின் அலமாரியில் உயர்ந்த இடம் பெறுவது அறத்துக்கு ஒவ்வுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்நூலைத் தனித்து வைத்துப் பெருமைப்படும்போதுதான் அந்தக் கேள்விக்கு வலு கூடுகிறது. அதை மறுத்து அச்சமூகத்தவர் 1880-களில் எழுதிய ஆங்கிலத் துண்டு வெளியீடுகளும் விண்ணப்பங்களும் அதே தட்டில் இடம்பெற்றால், காட்சிப்பொருளாக இருந்த நூல் ஒரு வழக்கின் ஒரு தரப்பாக மாறிவிடும். பிரகாசபுரத்தில் 1857-இல் தனித் திருச்சபை கண்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளையின் இயக்கம் இந்த மறுப்புகளுக்கு முன்னோடி. அத்தகைய மறுப்பு வெளியீடுகள் மலிவுத் தாளில், மெல்லிய அட்டையோடு, சிறிய எண்ணிக்கையில் அச்சானவை. பெரிய நூலகங்கள் வாங்காதவை. எனவே மூலநூலைவிட மறுப்பே அரிதாகிப்போவது இவ்வட்டாரத்தில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிலை.

ஒரு படியைச் சோதிக்கும் விதம்

கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாறு, பண்டைக்காலம் தொடங்கி 1801-இல் நாடு கம்பெனி அரசின் கைக்கு வந்தது வரையிலான நிகழ்ச்சிகளைச் சொல்வது. 1870-களில் கொற்கையிலும் காயலிலும் அவர் நடத்திய அகழ்வுகளின் பட்டறிவு அதன் தொடக்க இயல்களுக்குப் பின்புலமாக உள்ளது. இதற்கு இரண்டாண்டு முன்னர் ஏ.ஜே. ஸ்டூவர்ட்டின் மாவட்டக் கையேடும், 1917-இல் எச்.ஆர். பேட்டின் கெசட்டியரும் வெளியாயின. மூன்றும் சேர்ந்தால்தான் குலசேகரன்பட்டினம், காயல்பட்டினம், புன்னைக்காயல் ஆகிய துறைகள் ஆங்கில ஆட்சியாளரின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தன என்பது விளங்கும்.

இந்த 1881-ஆம் ஆண்டு நூல் பிற்காலத்தில் டெல்லியில் ஒளிநகல் முறையில் மறுஅச்சானது. பழைய பக்கங்களைப் புகைப்படமெடுத்து அப்படியே அடிக்கும் அந்த முறையில் ‘சென்னை அரசு அச்சகம், 1881’ என்ற பழைய தலைப்புப் பக்கமும் சேர்ந்தே வந்துவிடுவதால், மறுஅச்சைக் குறிக்கும் தாள் கிழிந்துபோன ஒரு படி, அறியாதவரின் கையில் முதற்பதிப்பாகவே விலைபோகக்கூடும். இங்கே கண்ணைவிட விரல் நம்பத்தக்கது. 1881-இல் ஈய எழுத்துகளைக் கோத்துத் தாளின்மீது அழுத்தி அடித்தார்கள். ஆகையால் பக்கத்தின் பின்புறத்தைத் தடவினால் எழுத்துகள் அழுந்திய மேடுபள்ளம் மெல்லத் தட்டுப்படும், சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் வரிகளின் தழும்பு தெரியும். ஆப்செட் முறையில் அடித்த மறுஅச்சில் தாள் வழவழவென்று சமமாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பழைய படியிலிருந்த கறையும் புள்ளியும் எழுத்தோடு சேர்ந்து கருமையாகவே அச்சாகியிருக்கும். அடுத்து முதுகுப்புறம். பழைய படியில் தாள்கள் மடிப்பு மடிப்பாக நூலால் தைக்கப்பட்டிருக்கும். மறுஅச்சுகளிலோ பெரும்பாலும் பசை மட்டுமே.

தாளையே சாட்சிக் கூண்டில் ஏற்றிய முன்னுதாரணம் ஆங்கில நூலியலில் உண்டு. பிரிட்டிஷ் நூலியலாளர்களில் தலைசிறந்தவராகப் போற்றப்பட்ட தாமஸ் ஜே. வைஸ், எலிசபெத் பேரட் பிரௌனிங் உள்ளிட்ட கவிஞர்களின் கவிதைகளைப் பழைய ஆண்டிட்டுப் போலிச் சிறுநூல்களாக அச்சிட்டு, ‘அறியப்படாத முதற்பதிப்புகள்’ என்று செல்வர்களிடம் விற்றுவந்தார். ஜான் கார்ட்டர், கிரகாம் பொல்லார்ட் ஆகிய இரு இளம் புத்தக வணிகர்கள் 1934-இல் வெளியிட்ட ஆய்வு அவரை அம்பலப்படுத்தியது. 1847 என்று ஆண்டிட்ட சிறுநூலின் தாளில் வேதிமுறையில் பிரித்தெடுத்த மரக்கூழ் இருந்தது. அத்தகைய தாள் இங்கிலாந்தில் 1874-ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. தலைப்புப் பக்கம் பொய் சொன்னாலும் தாள் பொய் சொல்லாது என்ற பாடம் நெல்லை நூல்களுக்கும் பொருந்தும்.

மாதவையா: இரு நகரங்களில் இரு முதற்பதிப்புகள்

பாதிரிமார் எழுத்தைத் தாண்டி, படைப்பிலக்கியம் என்ற பொருளில் இவ்வட்டாரத்தின் முதன்மையான ஆங்கில எழுத்தாளர் அ. மாதவையா. 1872-இல் பெருங்குளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்று, உப்பு மற்றும் சுங்க இலாகாவில் அதிகாரியானவர் அவர். கடலோர உப்பளங்களைக் கண்காணித்த அந்த இலாகாவின் மீது மக்களுக்கிருந்த கசப்பு, அவர் மறைந்து பதினேழு ஆண்டுகளுக்குப்பின் 1942 செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத் தாக்குதலாக வெடித்து, லோன் என்ற ஆங்கிலேய உதவி உப்பு அதிகாரியின் கொலையில் முடிந்து, புகழ்பெற்ற சதிவழக்காக மாறியது. அத்தகைய இலாகாவில் இருந்துகொண்டே, சாதிக்கும் பெண்ணடிமைக்கும் எதிராகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர் மாதவையா.

அவருடைய ஆங்கில நாவல் ‘தில்லை கோவிந்தன்’ 1903-இல் சென்னையில் வெளிவந்தபோது, இறந்துபோன ஒருவரின் தன்வரலாறாகப் புனையப்பட்டு, ‘பம்பா’ என்ற புனைபெயரைப் பதிப்பாசிரியர் பெயராகத் தாங்கியிருந்தது. 1916-இல் லண்டனில் டி. ஃபிஷர் அன்வின் வெளியிட்ட பதிப்போ, பிரடெரிக் ஹாரிசனின் முன்னுரையோடு மாதவையாவின் நாவலாகவே வாசகரை அடைந்தது. பழைய புத்தக வணிகத்தில் லண்டன் பதிப்பை ‘முதற்பதிப்பு’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது லண்டனில் வந்த முதற்பதிப்பு என்ற அளவில் உண்மை, நூலின் முதற்பதிப்பு என்ற அளவில் பிழை. பெயரை மறைத்த சென்னை அதிகாரியும், ஆங்கிலப் பெரியவர் ஒருவரால் அறிமுகம் செய்யப்பட்ட எழுத்தாளரும் ஒரே மனிதர்தான் என்றாலும், இரண்டு தலைப்புப் பக்கங்களும் இரு வேறு வாசகர் கூட்டத்தை நோக்கிப் பேசுகின்றன. காலனிய நாட்டு எழுத்தாளன் எந்த நகரத்தில் எந்தப் பெயரோடு தோன்ற முடிந்தது என்பதை இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் படிக்க முடியும்.

1915-இல் சென்னை கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் அச்சான ‘கிளாரிந்தா’ பாளையங்கோட்டையின் கதை. தஞ்சையைச் சேர்ந்த பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் துணையாகி, அவர் மறைந்தபின் 1778-இல் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785-இல் பாளையங்கோட்டையில் எழுந்த கோயிலுக்குக் காரணமானார் என்ற வரலாற்றுச் செய்தியை மாதவையா நாவலாக்கினார். அக்கோயில் இன்றும் நிற்கிறது. நாவலோ தொண்ணூறு ஆண்டுகள் மறுஅச்சின்றிக் கிடந்து, லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம், பிரமிளா பால் ஆகியோரின் முயற்சியால் 2005-இல் சாகித்திய அகாதெமி பதிப்பாக மீண்டது. இடைப்பட்ட அந்தத் தொண்ணூறு ஆண்டுகளும் நூலின் உயிர் ஒரு சில நூலகங்களிலும் வீடுகளிலும் எஞ்சிய முதற்பதிப்புப் படிகளிலேயே தங்கியிருந்தது. மறுபதிப்பு காணாத நூலுக்கு முதற்பதிப்பே ஒரே பதிப்பு. அதன் கடைசிப் படி அழிந்தால் நூலே அழிந்ததாகும்.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, புதுச்சேரியில் இருந்தபோது 1914-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘பொன்வால் நரி’ என்ற அங்கதச் சிறுநூலும் இந்த வரிசையில் வைக்கத்தக்கது. பிரம்மஞான சபையாரைக் கேலிசெய்யும் அந்த எழுத்து இன்று தொகுப்புகளில் கிடைத்தாலும், தனிச் சிறுநூலாக வந்த அதன் முதல் உருவம் சேகரிப்பாளர்களின் தேடலுக்குரியது.

போப்பின் குறளும் கையொப்பத்தின் சான்றும்

1842-ஐ ஒட்டிச் சாயர்புரத்தில் கல்விப்பணி தொடங்கிய ஜி.யூ. போப், திருக்குறளின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை 1886-இல்தான் லண்டனில் டபிள்யூ.எச். ஆலன் வழியாக வெளியிட்டார். அந்த முதற்பதிப்பு முன்னுரையும் இலக்கணக் குறிப்பும், பெஸ்கி, எல்லிஸ் ஆகியோரின் உரைப்பகுதிகளும், சொல்லகராதியும் அடங்கிய ஒரு பாடநூல். இன்று நூற்றுக்கணக்கான மலிவுப் பதிப்புகளில் நாம் காணும் போப், எதுகையோடு அமைந்த ஈரடிகளை மட்டுமே விட்டுச்சென்றவராகத் தோன்றுவதற்கு, மற்றவை உதிர்க்கப்பட்டதே காரணம். மொழிபெயர்ப்பின் நடையைக் குறைசொல்லும் திறனாய்வாளர், அது மாணவருக்குரிய துணைக்கருவிகளோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டிய பகுதியாகவே அமைந்தது என்பதை முதற்பதிப்பைக் கண்டால் உணர்வார்.

கையொப்பத்தைப் பொறுத்தவரை ஆங்கிலப் புத்தக உலகில் படிகளை வகைப்படுத்தும் முறை உண்டு. ஆசிரியர் பெயரை மட்டும் எழுதிய படி ஒரு வகை. இன்னாருக்கு என்று எழுதித் தந்த அன்பளிப்புப் படி அதனினும் மேல். நூலோடு அல்லது ஆசிரியரோடு நெருங்கிய உறவுடைய ஒருவர் வைத்திருந்த தொடர்புப் படி எல்லாவற்றிலும் மேல். இவ்வட்டார நூல்களில் கையொப்பத்தை நம்புவதற்கு முன் அதை வாழ்க்கை வரலாற்றோடு உரசிப் பார்க்க வேண்டும். கால்டுவெல் பேராயராக அருட்பொழிவு பெற்றது 1877-இல். அதற்கு முந்தைய தேதியிட்டுப் பேராயர் என்று கையெழுத்திட்ட படி ஐயத்துக்குரியது. 1856-இல் அவர் இங்கிலாந்தில் இருந்ததால், அந்த ஆண்டில் இடையன்குடியிலிருந்து எழுதித் தந்ததாகக் காட்டும் ஒப்பிலக்கணப் படியும் அவ்வாறே. 1880-களில் தாய்நாடு திரும்பிய போப், 1886-ஆம் ஆண்டுக் குறளில் சாயர்புரம் என்று ஊர் குறித்துக் கையொப்பமிட வாய்ப்பில்லை. அச்சுக்கட்டையில் செதுக்கி உருவப்படத்தின் கீழ் அடித்த கையெழுத்தையும் பேனாக் கையெழுத்தையும் பிரித்தறிய, மையின் பளபளப்பும் தாளில் அது ஊறியிருக்கும் விதமும் போதும்.

ஆசிரியரின் கையெழுத்துக்கு இணையாக, வாசகரின் தடங்களும் இங்கே கவனத்துக்குரியவை. மறைப்பணிப் பள்ளிகள் தேர்வில் வென்ற மாணவருக்குத் தந்த பரிசுச் சீட்டு ஒட்டிய படிகளும், வாசகசாலை முத்திரை குத்திய படிகளும், ஓரங்களில் பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதிய படிகளும் லண்டன் வணிகரின் பட்டியலில் ‘குறையுள்ளவை’ என்று விலை தாழும். ஆனால் ஓர் ஆங்கில நூலைப் பனங்காட்டு ஊர்களில் யார் படித்தார், எந்தச் சொல்லில் இடறினார், எந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பதற்கு அக்குறைகளைத் தவிர வேறு சாட்சியம் கிடையாது. அவற்றை அழிப்பானால் தேய்த்துச் ‘சுத்தம்’ செய்பவர் சான்றை அழிக்கிறார்.

உப்புக்காற்றும் இராமபாணமும்

இந்தக் கடலோரத்தில் பழைய நூலொன்று எஞ்சுவதே அருமை. உப்புத்துகள் கலந்த காற்று தாளிலும் துணி அட்டையிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கசிவதால், அலமாரிக்குள் இருக்கும் நூலும் நனைந்த நிலைக்கு வந்துவிடுகிறது. இரும்புக் கம்பியால் தைத்த சிறுநூல்களில் துரு பரவி, தையல் இருந்த இடமே ஓட்டையாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குகிறது. 1856-ஆம் ஆண்டு நூல் வெண்மையாக இருக்க, 1915-ஆம் ஆண்டு நூல் பழுப்பேறி உதிர்வதற்குக் காரணம் இந்தத் தாள் மாற்றமே. இவற்றோடு கரையானும், தாளைத் துளைத்துச் செல்லும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்துகொள்கின்றன.

வசம்பும் வேப்பிலையும் வைக்கும் நாட்டு வழக்கத்தில் பயன் உண்டு என்றாலும், இலையைப் பக்கங்களுக்கிடையே வைத்தால் கறைபடியும். துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைப்பதே முறை. பூச்சி உருண்டையை மூடிய அறையில் வைப்பது மனித உடல்நலத்துக்குக் கேடு. சுவரை ஒட்டாமல் அலமாரியை நகர்த்தி வைப்பதும், காற்றோட்டம் தருவதும், கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டாமல் மெல்லிய தாளும் மாவுப்பசையும் கொண்டு சீர்செய்வதும், நொறுங்கும் சிறுநூல்களை அமிலமற்ற அட்டைப்பெட்டியில் வைப்பதும் செலவு குறைந்த காப்புமுறைகள். பிளாஸ்டிக் படலம் ஒட்டி ‘லேமினேட்’ செய்வது மட்டும் கூடவே கூடாது. ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை.

எங்கே போயின, எங்கே இருக்க வேண்டும்

முத்துக்குளித்துறையில் மறைப்பணி செய்த அன்றீக்கி அடிகளார் 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சேற்றிய ‘தம்பிரான் வணக்கம்’ இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும், அவருடைய ‘அடியார் வரலாறு’ வத்திக்கானிலும் இருப்பதை எண்ணினால், இக்கரையின் அச்சுச் செல்வம் தொடக்கம் முதலே வெளியேறி வந்திருப்பது விளங்கும். சென்னையில் பழைய ஆங்கில நூல்களின் பெருஞ்சந்தையாக இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. 1867-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பெறப்பட்ட படிகளுள் ஒரு பகுதி 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்திலும், மற்றொரு பகுதி லண்டனில் இன்றைய பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ளன. பழங்கையெழுத்து ஆவணங்கள் 75 ஆண்டுகளுக்கும், பிற வரலாற்றுப் பொருள்கள் 100 ஆண்டுகளுக்கும் மேற்பட்டவையாயின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும் என்பதால், பழைய கையொப்பப் படிகளையும் ஆசிரியர் கடிதங்களையும் வெளிநாட்டுக்கு விற்க முற்படுவோர் சட்டநிலையை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும். நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டதற்கான குறிப்பு இல்லாத படியை வாங்குவது களவுப்பொருளை வாங்குவதாகவும் முடியலாம்.

தனியொருவரின் சேகரிப்பு பொதுச்சொத்தாக மாறியதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையாவே சிறந்த சான்று. விளம்பரப் பலகை எழுதும் கலைஞரான அவர், அரிய நூல் என்று பிறர் மதித்தவற்றோடு நிற்காமல் பாட்டுப்புத்தகம், நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என எல்லாவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு வாங்கப்பட்டு, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. முதற்பதிப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் அது ஒரு செல்வரின் அலமாரியாக முடிந்திருக்கும்.

நெல்லைச் சீமையின் ஆங்கில நூல்களுக்கு அப்படியொரு தொகுப்பு இன்னும் ஓரிடத்தில் அமையவில்லை என்றாலும், அதற்கான முதற்படி பெரும்பொருட்செலவை வேண்டுவதன்று. கல்லூரி நூலகங்களும் திருமண்டல ஆவணக்காப்பகங்களும் தனிவீடுகளும் தம்மிடமுள்ள ஒவ்வொரு படிக்கும் பதிப்பு ஆண்டு, அச்சகம், விடுபட்ட பக்கங்கள், கையொப்பம், முத்திரை, பரிசுச்சீட்டு, ஓரக்குறிப்பு ஆகியவற்றைப் பதிந்து பொதுப்பட்டியலாக்கினால், எந்தப் பதிப்பில் எது இருந்தது, எதில் எது இல்லை என்ற ஒப்பீடு எவருக்கும் இயலும். 1913-ஆம் ஆண்டுப் பதிப்பில் நேர்ந்த விடுபாடு ஒரு நூற்றாண்டுக் காலம் பரவலாக அறியப்படாமல் இருந்ததற்கு, பழைய படிகள் இல்லாமல் போனது காரணமன்று. அவற்றைப் புதிய படியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு இல்லாமையே காரணம். அந்த ஏற்பாட்டைச் செய்து தருவதே இவ்வட்டாரச் சேகரிப்பாளர் ஆய்வுலகுக்கு ஆற்றக்கூடிய முதற்கடமை.